இலங்கைத் திரைப்படம் விழுந்தது எப்படி, எழுந்துவிட்டது என்பது உண்மையா?

கந்தரோடையான்

இயக்குநர் அசோக ஹந்தகமவின் சிங்களப் படம் ‘ராணி’ 2025 ஜனவரியில் வெளிவந்து அரங்குகள் நிறைந்ததிலிருந்து, இலங்கை சினிமா மீண்டும் எழுந்துவிட்டது என்ற பேச்சு ஓயவில்லை. அதே ஆண்டு சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமய்’ (1978) புதுப்பிக்கப்பட்ட பிரதியாகக் கான் விழாவில் திரையிடப்பட்டதும் இந்தப் பேச்சுக்கு இன்னும் வலுச் சேர்ந்துவிட்டது. கொழும்புப் பத்திரிகைகளைப் படித்தால் நல்ல காலம் பிறந்துவிட்டது போலிருக்கிறது.

எனக்கு அவ்வளவு எளிதில் மனம் ஒப்பவில்லை. 1979ஆம் ஆண்டில் இந்த நாட்டில் விற்ற சினிமா டிக்கெட்டுகள் ஏறத்தாழ 7 கோடியே 40 லட்சம். அப்போது சனத்தொகை ஒன்றரைக் கோடிகூட இல்லை. கைக்குழந்தையையும் கணக்கில் சேர்த்தாலும் தலைக்கு ஐந்து படம்! முந்நூறுக்கு மேற்பட்ட தியேட்டர்கள் ஓடிய நாடு இது. அந்த உயரத்திலிருந்து விழுந்தோம். விழுந்ததற்கு யாரும் நேராகக் காரணம் சொல்வதில்லை. காரணம் தெரியாமல் எழுந்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

வெள்ளவத்தை வாசகன்

இதில் மர்மம் எதுவும் இல்லை. 1979இல் ஐ.டி.என். தொலைக்காட்சி, 1982இல் ரூபவாஹினி, பின்னாலேயே வீடியோ கெசட். வீட்டுக்குள் இலவசமாக நாடகம் வரும்போது மழையில் நனைந்து வரிசையில் நிற்பதற்கு யாருக்குப் பைத்தியம்? நல்ல நடிகர்களும் இயக்குநர்களும் தொலைக்காட்சி நாடகத்துக்குப் போனார்கள். அங்கே மாதாமாதம் சம்பளம் வந்தது. உலகம் முழுவதும் நடந்ததுதான் இங்கும் நடந்தது. இதற்குமேல் அரசியல் தேட வேண்டாம் என்பது என் கருத்து.

பழைய ரீல்

தம்பி வாசகன், நான் ஒப்பரேட்டராக இருந்தவன். வடக்கில் ஒரு தியேட்டரின் படப்பெட்டி அறையில் என் இளமை முழுவதும் போனது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த அறையில் இரண்டு ப்ரொஜெக்டர்கள் இருக்கும். ஒன்று ஓடும்போது மற்றதில் அடுத்த ரீலை ஏற்றி வைத்திருக்க வேண்டும். உள்ளே இரண்டு கார்பன் குச்சிகள் ஒன்றையொன்று நெருங்கி எரியும். அந்த ஒளிதான் திரையில் விழுகிற படம். குச்சி எரிய எரியக் கையால் நெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும், கவனம் தப்பினால் திரை மங்கிவிடும், கீழிருந்து விசில் பறக்கும். ரீல் முடியும் தறுவாயில் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைக் கண்டதும் அடுத்த இயந்திரத்தை இயக்கிவிட்டு, இரண்டாவது புள்ளியில் மாற்றிவிட வேண்டும். பார்ப்பவருக்குத் தெரியவே கூடாது. ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்கள் பங்குபோட்டு ஓட்டிய நாட்களில், இங்கே முடிந்த ரீலைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பொடியன் ஒருவன் அங்கே பறப்பான். அவன் சைக்கிளுக்குக் காற்றுப் போனால் அந்தத் தியேட்டரில் இடைவேளை நீளும்.

தொலைக்காட்சி வந்தபோது கூட்டம் குறைந்ததா? குறைந்தது. மறுக்கவில்லை. ஆனால் ஞாயிறு மாலைக் காட்சிக்கும் பண்டிகைக் காட்சிக்கும் சனம் வந்துகொண்டுதான் இருந்தது. எங்களை மூடியது போர்க்கால ஊரடங்கு. இரவுக் காட்சி போனது, பிறகு மாலைக் காட்சி போனது. 1990இல் மின்சாரமே போனது. மின்சாரம் இல்லாத ஊரில் தொலைக்காட்சி எப்படித் தியேட்டரைக் கொல்லும்? அந்த ஆண்டுகளில் சனம் ஜெனரேட்டருக்கு மண்ணெண்ணெய் சேர்த்து, ஒரு வீட்டு முற்றத்தில் தெருவே கூடிப் படம் பார்த்தது. படம் பார்க்கிற ஆசை போனதாக யாரும் சொல்லாதீர்கள்.

நிமலன்

தெற்கிலும் இதே கதை உண்டு, ஐயா. 1987 முதல் 1989 வரையிலான ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் சிங்கள ஊர்களிலும் இரவுக் காட்சி அடியோடு படுத்துவிட்டது. மக்கள் கொண்டாடிய நடிகர் விஜய குமாரதுங்க 1988 பெப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு தொழில் தன் முதல் நட்சத்திரத்தைத் துப்பாக்கிக்குக் கொடுத்தது. அதையும் தொலைக்காட்சிக் கணக்கில் எழுத முடியாது.

சித்திரலேகா

எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறையை யாரும் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

சிங்களத்தின் முதல் பேசும் படம் ‘கடவுணு பொறொந்துவ’, 1947 ஜனவரியில் வந்தது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் எடுக்கப்பட்டது மதுரையில் இருந்த ஸ்டூடியோவில். மேடையிலும் திரையிலும் சிங்களவர் மனத்தில் குடிகொண்ட ருக்மணி தேவி கொழும்புச் செட்டி குடும்பத்துப் பெண். சிங்களப் படங்களுக்கு ஆண்டுக்கணக்கில் மெட்டமைத்தவர்கள் ஆர். முத்துசாமியும் எம். கே. றொக்சாமியும். அந்த மெட்டுகளைப் பாடி ஊர் ஊராகக் கொண்டுபோனவர் மொகிதீன் பெய்க். சிலோன் தியேட்டர்ஸை நிறுவியவர் சிற்றம்பலம் கார்டினர். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் ‘சந்தேசய’ (1960) படத்துக்குப் பணம் போட்டவர் கே. குணரத்தினம். பெயர்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். இந்தத் தொழில் ஓர் இனத்தின் கையால் மட்டும் கட்டப்பட்டதா?

1983 ஜூலையில் ஹெந்தலையில் இருந்த குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. படச்சுருள்களும் அதோடு எரிந்தன. அதில் எரிந்தவற்றில் சிங்களப் படங்களும் உண்டு என்பதை எரித்தவர்கள் நினைத்துப் பார்த்திருப்பார்களா? சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் அந்த நாட்களில் கொல்லப்பட்டார். குணரத்தினம் 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழர் தியேட்டர்கள் எரிந்தன. தப்பிய முதலாளிகள் பணத்தைச் சினிமாவில் போடுவதை நிறுத்தினார்கள். தப்பிய தொழில்நுட்பக் கலைஞர்கள் கப்பலேறினார்கள். ஒரே கிழமைக்குள் முதலீடு, கருவி, கைத்திறன், பிரதி நான்கையும் இழந்த தொழில் அதற்குப் பிறகு விழாமல் என்ன செய்யும்?

இந்த வீழ்ச்சியைப் பற்றி எழுதும் சிங்களக் கட்டுரைகளில் தொலைக்காட்சிக்கு ஒரு பக்கம், ஜூலைக்கு ஒரு வரி. அந்த ஒரு வரிக்காக எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க மாட்டேன்.

வெள்ளவத்தை வாசகன்

> தமிழர் தியேட்டர்கள் எரிந்தன

ஜூலையை நான் சிறிதாக்கவில்லை, அக்கா. என் குடும்பமும் அந்த நாட்களைக் கடந்து வந்ததுதான். ஆனால் சரிவு 1980இலேயே தொடங்கிவிட்டது. எரிப்பு நடக்காதிருந்தால் இந்தத் தொழில் நிமிர்ந்து நின்றிருக்கும் என்பதை நம்ப எனக்குக் கடினம். சந்தை சிறிது. சிங்களம் பேசும் நாடு உலகில் வேறெங்கும் இல்லை. தமிழ்ப் படமோ தமிழ்நாட்டுப் படத்தோடு போட்டி போட வேண்டும். உள்ளூர்த் தமிழ்ப் படங்கள் ஓடவில்லை என்பதும் உண்மைதானே?

நிமலன்

வாசகன் அண்ணா சொல்லும் கடைசி வரிக்குள் அரசுக் கொள்கை ஒன்று ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுக்கிறேன். நான் இதைப் படித்து ஆராய்ந்து வருபவன் என்பதால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1972இல் அரசு திரைப்படக் கூட்டுத்தாபனம் வந்தது. படங்களை இறக்குமதி செய்வது, விநியோகிப்பது இரண்டும் அதன் ஏகபோகம். பெயரைக் கேட்டாலே பலருக்கு எரிச்சல் வரும். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அது செய்த வேலை பெரிது. திரைக்கதையைப் பார்த்துக் கடன் கொடுத்தது. தியேட்டர் கட்டக் கடன் கொடுத்தது. பெரிய கம்பனிகளின் தயவு இல்லாத இளம் இயக்குநரும் திரையை எட்ட முடிந்தது. தர்மசேன பத்திராஜ, வசந்த ஒபேசேகர, சுமித்ரா பீரிஸ் போன்றவர்கள் மேலெழுந்த பத்தாண்டு அது. 1979இன் அந்த 7 கோடிச் சொச்சம் அந்தப் பத்தாண்டின் விளைச்சல்.

அதே காலத்தில் இந்தியப் படங்களின் வரத்தைக் குறைத்ததால் உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. ‘கோமாளிகள்’ 1976, ‘பொன்மணி’ 1977, ‘வாடைக்காற்று’ 1978. வானொலி நாடகமாக ஊரெல்லாம் சிரித்த கோமாளிகள் திரைக்கு வந்தபோது சனம் தேடிப் போய்ப் பார்த்தது. செங்கை ஆழியானின் நாவல் படமானது. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம். கதவு திறந்தது, இந்தியப் படம் வெள்ளமாக வந்தது, உள்ளூர்த் தமிழ்ப் படம் அடித்துச் செல்லப்பட்டது. ஓடவில்லை என்று சொல்லும்போது எத்தனை நாள் ஓடவிட்டோம் என்றும் கேட்க வேண்டும்.

கூட்டுத்தாபனம் கெட்டதும் உண்மை. பின்னாளில் படம் முடிந்து பெட்டிக்குள் வந்த பிறகும் வெளியீட்டு வரிசையில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. வாங்கிய கடனுக்கு வட்டி ஏறும், படத்தில் வரும் உடையும் சிகையலங்காரமும் பழசாகும், நடிகர் கிழவராகிவிடுவார், படம் வராது. தயாரிப்பாளர் ஒருமுறை இப்படி நொந்தால் மறுமுறை காணி வாங்கத்தான் போவார். 2001 அளவில் ஏகபோகத்தை உடைத்தார்கள். சில தனியார் விநியோகச் சுற்றுகள் வந்தன. ஏகபோகம் பங்கு பிரிக்கப்பட்டது என்பதைத் தவிர வேறென்ன மாறியது என்று நான் இன்னும் தேடுகிறேன்.

பழைய ரீல்

‘பொன்மணி’ பற்றி ஒரு வார்த்தை. பத்திராஜ சிங்களவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் சிங்களம் கற்பிக்க வந்தவர். காவலூர் இராசதுரை எழுத, இங்கேயே நின்று, இங்குள்ளவர்களை வைத்து, சீதனத்தையும் சாதியையும் பேசும் தமிழ்ப் படம் எடுத்தார். சண்டையும் இல்லை, ஆட்டமும் இல்லை. சனம் அன்று அதை ஏற்கவில்லை, அது உண்மை. இன்று பார்த்தால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தின் வீடு, ஒழுங்கை, கடற்கரை, பெண்கள் நடக்கும் நடை எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அப்படி ஒரு சிங்கள இயக்குநரும் தமிழ் எழுத்தாளரும் சேர்ந்து உட்கார்ந்த மேசை 83க்குப் பிறகு நெடுங்காலம் காலியாகவே கிடந்தது.

மலையருவி

வடக்கு, கொழும்பு இரண்டையுமே பேசுகிறீர்கள். மலைநாட்டிலிருந்து எழுதுகிறேன்.

தோட்டங்களில் சம்பளம் போட்டதை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை என்றால் டவுன் தியேட்டருக்குப் பெண்கள் கூட்டமாக இறங்கி வருவார்கள். அம்மாவும் அவர் தோழிகளும் அப்படிப் போனவர்கள். அவர்களுக்கு மேற்பார்வை இல்லாத மூன்று மணி நேரம் வேறு எங்கும் கிடைக்கவில்லை. எங்கள் டவுன் தியேட்டர் இன்று சாமான் அடுக்கும் களஞ்சியம். அதோடு அந்த மூன்று மணி நேரமும் போய்விட்டது. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்தது, ஆனால் தோட்டத்து வரிசை வீடான லயத்து அறையில் அதைப் பார்க்கும்போது அடுப்பும் பிள்ளையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

‘தோட்டக்காரி’ என்று ஒரு படம் 1963இல் வந்தது. நம் நாட்டில் எடுக்கப்பட்ட தொடக்ககாலத் தமிழ்ப் படங்களில் ஒன்று, தோட்டத்துக் கதை. அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் மலையகம் திரையில் பெரும்பாலும் பின்னணிக் காட்சியாகவே இருக்கிறது. பச்சை மலை, பனி, கொழுந்துக் கூடை. கூடையைச் சுமப்பவர் பேச வாய் திறந்தால் காட்சி மாறிவிடும்.

தேசிய சினிமா மீள்கிறது என்று சொல்லும்போது இந்தத் தேசியத்துக்குள் எங்கள் ஆட்கள் டிக்கெட் வாங்கும் இடத்திலாவது இருக்கிறார்களா? கிட்டத்தில் தியேட்டர் இல்லாமல் அவர்கள் எதற்கு டிக்கெட் வாங்குவது?

தோணிக்காரன்

நான் குறும்படம் எடுப்பவன், இப்போது ஒரு முழுநீளப் படம் முடித்திருக்கிறேன். அனுபவத்தில் சொல்கிறேன். இன்று படம் எடுப்பது முன்பளவு கடினம் இல்லை. நல்ல கெமரா வாடகைக்குக் கிடைக்கிறது, வெட்டித் தொகுப்பதை வீட்டிலேயே செய்கிறோம், நடிக்கப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். காட்டுவதுதான் கடினம். தியேட்டர் நிர்வாகம் ஒன்றிடம் போனேன். காலை பத்தரை மணிக் காட்சி ஒன்று, அதுவும் வேலைநாளில், வாடகை முன்பணம் என்றார்கள். அதே கிழமையில் தமிழ்நாட்டு நட்சத்திரப் படம் ஒன்றுக்கு எல்லாத் திரையும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களுக்கு மின்கட்டணம் இருக்கிறது. ஆனால் பத்தரை மணிக்கு யார் வருவார்கள்? வராததைக் காட்டி, உங்கள் படத்துக்குச் சனம் இல்லை என்பார்கள்.

விருது பற்றி ஒன்று. விமுக்தி ஜயசுந்தர 2005இல் கானில் முதல் பட இயக்குநருக்கான கமெரா டோர் வாங்கினார். ஊரில் அந்தப் படத்துக்கு மிரட்டல் வந்து திரையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. ஹந்தகமவின் ‘இனி அவன்’ (2012) முழுக்கத் தமிழ் பேசும் படம், போர் முடிந்து ஊர் திரும்பும் போராளியின் கதை. அதுவும் கானுக்குப் போனது. பிரசன்ன விதானகேயின் ‘பரடைஸ்’ 2023இல் புசான் விழாவில் கிம் ஜிசோக் விருது பெற்றது. இந்தப் படங்களை நேசிக்கிறேன், இவற்றிலிருந்துதான் நான் கற்றேன். ஆனால் இருபது ஆண்டுகளாக விருது வந்துகொண்டிருக்க, தியேட்டர்கள் மூடிக்கொண்டே இருந்தன. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன என்றால் விருதை வைத்து மீட்சியை அளக்க முடியாது.

நிமலன்

மெத்தச் சரி. இதற்கு எதிர் உதாரணமும் உண்டு. விதானகேயின் ‘புரஹந்த களுவர’ 1997இல் எடுக்கப்பட்டது. போரில் இறந்ததாகச் சொல்லப்பட்ட மகனின் சவப்பெட்டியைத் திறக்கத் துணியும் பார்வையற்ற தந்தையின் கதை. 2000இல் அமைச்சர் வெளியீட்டை நிறுத்தினார். இயக்குநர் வழக்குப் போட்டார், உச்ச நீதிமன்றம் 2001இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வெளிவந்தபோது கூட்டம் அலைமோதியது. தன் வீட்டு வலியைப் பேசும் படத்துக்கு இந்த நாட்டு மக்கள் காசு கொடுத்து வருவார்கள் என்பது அன்றே தெரிந்துவிட்டது. தொலைக்காட்சி வந்து இருபது ஆண்டுக்குப் பிறகும் வந்தார்கள், வாசகன் அண்ணா.

கந்தரோடையான்

அந்த வரிசையில்தான் ‘ராணி’யை வைக்கிறேன். 1990இல் கடத்திக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் தாய் மனோராணி சரவணமுத்து. தமிழ்ப் பெண், மருத்துவர். அவர் பாத்திரத்தில் சுவர்ணா மல்லவாராச்சி. அந்தத் தாயைக் காட்டிய விதம் பற்றிச் சண்டை நடந்தது, நடக்கட்டும். காணாமலாக்கப்பட்ட பிள்ளைக்காக நீதி கேட்ட ஒரு தமிழ்த் தாயைப் பார்க்கச் சிங்களக் குடும்பங்கள் ஊர் ஊராகத் தியேட்டருக்கு வந்தன. இது சிறிய விஷயம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. வடக்கில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் புகைப்படத்தைப் பிடித்துக்கொண்டு வீதியோரம் இருக்கும் தாய்மார் பக்கமும் அந்தக் கண்கள் திரும்புமா என்பது வேறு கேள்வி, பெரிய கேள்வி.

சித்திரலேகா

திரும்பட்டும், வரவேற்பேன். ஆனால் நம் கதையை இன்னொருவர் சொல்லி நாம் கைதட்டுவதோடு நிற்க முடியாது. தோணிக்காரன் தம்பியின் படத்துக்கு மாலை ஆறரை மணிக் காட்சி கிடைக்கும்போது நான் மீட்சி என்ற சொல்லை வாயில் எடுப்பேன்.

வெள்ளவத்தை வாசகன்

புரஹந்த களுவர பற்றிய நிமலனின் வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் கணக்கைப் பார்க்க வேண்டும். கொழும்பில் காலிமுகத்திடல் பக்கம் மோல்களில் திறந்த திரைகள் வசதியானவை, ஆனால் அங்கே டிக்கெட்டோடு போக்குவரத்தும் சேர்ந்தால் ஒரு குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வீட்டுச் செலவே இழுபறி. ஆண்டில் ஓரிரு படங்கள் ஓடினால் தொழில் பிழைக்காது. மாதத்துக்கு இரண்டு நடுத்தரப் படங்கள் முதலைத் திருப்பி எடுக்க வேண்டும். அதற்கு வேண்டியது ஊர்களில் சிறிய அரங்குகள். நூறு, நூற்றைம்பது இருக்கை போதும். ஆயிரம் இருக்கைப் பழைய மண்டபங்களைத் திரும்பக் கட்டுவது வீண்.

மலையருவி

இதில் நானும் உங்களோடு ஒத்துப்போகிறேன். பிரதேச சபைகளிடம் கலாசார மண்டபங்கள் இருக்கின்றன. பரிசளிப்பு விழா தவிர மற்ற நாட்களில் பூட்டியிருக்கும். ஒரு டிஜிட்டல் ப்ரொஜெக்டரும் நல்ல ஒலிபெருக்கியும் வைத்து வார இறுதியில் திறக்கச் சட்டம் தடுக்கிறதா? தோட்டத்திலிருந்து பெண்கள் நடந்தே வந்து போகும் தூரம்.

பழைய ரீல்

அரங்கு திறந்தால் போடுவதற்குப் படம் வேண்டும். பழைய படங்களைப் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசிவிடுகிறேன்.

படச்சுருளைக் குளிரும் காய்ந்த காற்றும் உள்ள அறையில் வைக்காவிட்டால் அது தானாகவே அழுகும். பெட்டியைத் திறந்தால் வினாகிரி மணம் அடிக்கும். அந்த மணம் வந்துவிட்டால் சுருள் சுருங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். பிறகு நெளிந்து, ஒட்டி, இயந்திரத்தில் ஏறாது. பக்கத்துப் பெட்டிக்கும் அது பரவும். நம் வெக்கைக்கு எத்தனை காலம் தாங்கும்? ஒழுங்கான தேசியத் திரைப்படக் காப்பகம் இல்லாமலே இந்த நாடு பல பத்தாண்டுகளைக் கடத்திவிட்டது. ‘கெஹெனு லமய்’ பிழைத்தது இந்தியாவிலிருந்து ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் கை கொடுத்ததால். லெஸ்டரின் ‘கம்பெரலிய’ (1963), புதுடெல்லி விழாவில் தங்க மயில் விருது வாங்கிய படம், அதையும் அமெரிக்காவில் புதுப்பித்தார்கள். கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தன் கைப்பணத்தைப் போட்டுத் தயாரித்த ‘குத்துவிளக்கு’ (1972), ‘வாடைக்காற்று’, ‘தோட்டக்காரி’ இவற்றுக்கு யார் கை கொடுப்பது? நம் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றைத் தேடிப் பார்க்க இன்று வழியில்லை.

தோணிக்காரன்

ஐயா, எங்கள் தலைமுறை இயக்குநர்கள் பலர் இந்தப் படங்களைப் பார்த்ததே இல்லை. பெயரை மட்டும் கட்டுரைகளில் படித்திருக்கிறோம். முன்னால் எடுத்தவர் எப்படி எடுத்தார் என்று தெரியாமல் ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குகிறோம், அல்லது தமிழ்நாட்டுப் படத்தின் நடையைப் பிடித்துக்கொள்கிறோம்.

நிமலன்

அப்படியானால் கேட்க வேண்டியதை ஒன்றாகக் கேட்போம். திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் களஞ்சியத்தில் எந்தெந்தப் படங்களின் நெகட்டிவும் பிரதியும் இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன என்ற பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம், எந்தக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். தமிழ், சிங்களம் இரண்டையும் கேட்போம், தமிழை மட்டும் கேட்டால் தனிக்குரலாகிவிடும். விண்ணப்பத்தை நான் எழுதுகிறேன். பிரதேச சபை மண்டபங்களைத் திரையிடலுக்குத் திறப்பது பற்றி மலையருவி அக்கா தன் பகுதியில் கேட்டுப் பார்க்கட்டும்.

சித்திரலேகா

1983க்கு முன் விஜயா ஸ்டூடியோவில் வைக்கப்பட்டிருந்த படங்களின் பெயர்களையும் அதே விண்ணப்பத்தில் கேளுங்கள். எரிந்தவை எவை என்று அரசின் கையெழுத்தோடு ஒரு தாள் எனக்கு வேண்டும்.

பழைய ரீல்

எழுதும்போது நீளத்தையும் கேளுங்கள், தம்பி. எத்தனை ரீல் என்று. பெட்டி இருக்கும், உள்ளே பாதிப் படம்தான் இருக்கும். பதில் வந்ததும் இங்கே போடுங்கள், எந்த ரீல் குறைகிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.